வரைபடத்தில் வண்ணம் பிறந்த கதை

வீட்டு மனை வாங்கப் போகிறவர் பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்து முடித்த பிறகு இன்னொன்றும் கேட்கிறார்: "இந்த சர்வே நம்பர் எந்த ஜோன்ல வருது?" அதற்கான விடை மாஸ்டர் பிளான் வரைபடத்தில் இருக்கிறது. குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை. மண் ஒன்றுதான், கிணற்றுத் தண்ணீரும் ஒன்றுதான். ஆனால் வரப்புக்கு இந்தப் பக்கம் மஞ்சளும் அந்தப் பக்கம் பச்சையும் இருந்துவிட்டால் சென்ட் விலையில் பெரிய இடைவெளி விழுந்துவிடுகிறது. நகரத்தில் யார் எங்கே வாழலாம், எங்கே பட்டறை போடலாம், எத்தனை மாடி எழுப்பலாம் என்பதையெல்லாம் இந்த வண்ணங்கள் முடிவு செய்கின்றன.

நகரத்தை இப்படி மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டட விதி வைக்கும் ஏற்பாட்டுக்கு வயது 130க்குச் சற்று மேல். நகரம் முழுவதையும் தழுவிய முறையான வடிவில் அது ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரத்தில் 1891இல் பிறந்தது. பிறந்தபோது அது தனிப்பிள்ளையாக இல்லை. பக்கத்து ஊர்களை நகரத்தோடு சேர்ப்பது, நகராட்சியே நிலம் வாங்கி வைப்பது என்ற இரண்டு கொள்கைகள் அதனோடு சேர்ந்து வளர்ந்தன. பின்னாளில் உலகமெங்கும் பயணம் போனது பெரும்பாலும் வண்ணம் மட்டும்தான். மற்ற இரண்டும் ஊரிலேயே தங்கிவிட்டன. நம் நகரங்களின் பல துயரங்களுக்கு வேர் அந்தப் பிரிவில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது.

ஊர் முழுக்க ஒரே விதி

புகையும் நாற்றமும் வரும் தொழிலை வீடுகளிலிருந்து தள்ளி வைக்கவேண்டும் என்ற எண்ணம் பழையது. நெப்போலியன் 1810இல் பிறப்பித்த ஆணை ஒன்று தொழிற்கூடங்களை மூன்று வகையாகப் பிரித்தது. மிகவும் தொல்லை தருபவை குடியிருப்புகளுக்கு வெகு தூரத்தில்தான் இருக்கவேண்டும் என்றது. ஆனால் அது தொழிலைப் பார்த்த சட்டம். ஒரு தொழிற்சாலை வரும்போது அதற்கு அனுமதி தருவதா மறுப்பதா என்பதோடு அதன் வேலை முடிந்தது. நகரத்தை முழுதாகப் பார்த்து, எந்தப் பகுதி எதற்கு என்று முன்கூட்டியே சொல்லும் வழக்கம் அப்போது இல்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மன் நகரங்கள் பெருகிய வேகம் அந்த வழக்கத்துக்கு ஒரு தேவையை உண்டாக்கியது. பெர்லினைப் பார்த்தால் போதும். 1853இல் வந்த கட்டட விதி, வீட்டின் உள்முற்றம் குறைந்தது 5.34 மீட்டர் நீளமும் அதே அகலமும் இருக்கவேண்டும் என்றது. தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு அந்த இடம் தேவைப்பட்டது. அளவை நிர்ணயித்தது அந்தக் கணக்குதான். குழந்தைகளுக்கு வெயில் படுமா, காற்று வருமா என்ற கணக்கு அதில் இல்லை. 1862இல் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் வகுத்த திட்டம் நகருக்கு வெளியே அகலமான சாலைகளையும் மிகப் பெரிய மனைத் தொகுதிகளையும் போட்டது. அந்த ஆழமான மனைகளில் தெருவைப் பார்த்து ஒரு கட்டடம், அதன் பின்னால் முற்றம், அதன் பின்னால் இன்னொரு கட்டடம் என்று வாடகைக் குடியிருப்புகள் அடுக்கடுக்காக எழுந்தன. வெட்டிங் பகுதியில் 1870களில் கட்டப்பட்ட மேயர்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு முற்றங்கள். ஏறத்தாழ 2,000 பேர் அதில் வாழ்ந்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டட விதி நகரின் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒன்றாகவே இருந்தது. நடுவில் ஐந்து மாடி கட்டலாம் என்றால், நேற்று வரை உருளைக்கிழங்கு விளைந்த ஓரத்து வயலிலும் ஐந்து மாடி கட்டலாம். உடனே அந்த வயலின் விலை, அதில் விளையும் கிழங்கின் கணக்கை விட்டுவிட்டு, அதில் எழக்கூடிய ஐந்து மாடியின் வாடகைக் கணக்குக்குத் தாவிவிடும். அந்த விலை கொடுத்து வாங்கியவர் ஐந்து மாடி கட்டாமல் தப்பிக்க முடியாது. சிறு வீடு கட்ட நினைத்த தொழிலாளிக்கு நகரைச் சுற்றி எங்கும் மனை கட்டுப்படியாகாது. விதி எத்தனை மாடிக்கு இடம் தருகிறதோ அத்தனை மாடிக்கு நிலத்தின் விலை ஏறும் என்ற இந்த உண்மையை ஜெர்மனியின் நகர நிர்வாகிகள் கண்ணெதிரே பார்த்தார்கள்.

கார்ல்ஸ்ரூவில் பொறியியல் பேராசிரியராக இருந்த ரைன்ஹார்ட் பௌமைஸ்டர் 1876இல் நகர விரிவாக்கம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். பெருந்தொழிலும் மொத்த வியாபாரமும் ஒரு பகுதி, மக்களோடு நேரடியாகப் புழங்கும் கடைகளும் கைத்தொழில்களும் ஒரு பகுதி, குடியிருப்பு ஒரு பகுதி என்று வளரும் நகரத்தை மூன்றாகப் பார்க்கலாம் என்று அதில் யோசனை சொன்னார். அதற்கு ஓராண்டு முன்புதான், 1875இல், ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் சட்டம் ஒன்று தெருக்கோட்டையும் கட்டடக் கோட்டையும் முன்கூட்டியே வகுக்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்குத் தந்திருந்தது. யோசனையும் அதிகாரமும் தயாராக இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு நகரமும் ஒரு நிர்வாகியும் வேண்டியிருந்தது.

பிராங்க்ஃபர்ட், 1891

மைன் ஆற்றங்கரையில் இருக்கும் பிராங்க்ஃபர்ட், 1866 வரை தன்னைத் தானே ஆண்டுகொண்ட சுதந்திர நகரம். அந்த ஆண்டு போரில் வென்ற பிரஷ்யா அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சுதந்திரம் போனாலும், நகரத்தின் காரியத்தை நகரமே பார்க்கவேண்டும் என்ற பழக்கம் போகவில்லை. 1372இலேயே பேரரசர் நான்காம் கார்லிடமிருந்து 8,800 குல்டன் கொடுத்துப் பக்கத்துக் காட்டை விலைக்கு வாங்கிய ஊர் அது. அந்தக் காடு இன்றும் நகரத்தின் சொத்தாகவே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை மதில்களை இடித்தபோது, அந்த இடத்தைப் பூங்கா வளையமாக்கி, அதில் கட்டடம் எழுப்பக்கூடாது என்று 1807இல் தடை போட்ட ஊரும் அதுவே.

1890இல் அங்கே மக்கள் தொகை 1.8 லட்சத்தை எட்டியிருந்தது. மேயராக இருந்த யோஹன்னஸ் மீக்கெல் பிரஷ்யாவின் நிதியமைச்சராகிப் போனார். அவர் இடத்துக்கு நகர மன்றம் தேர்ந்தெடுத்தவர் ஃபிரான்ஸ் ஆடிக்கஸ். 1846இல் பிறந்தவர், சட்டம் படித்தவர். டோர்ட்மண்டில் துணை மேயராகவும், ஹாம்பர்க்கை ஒட்டிய ஆல்டோனாவில் மேயராகவும் இருந்து பழகியவர். ஆல்டோனாவில் ஒட்டன்சன் போன்ற பக்கத்து ஊர்களை நகரத்தோடு சேர்த்த அனுபவமும் அவருக்கு இருந்தது. 1912 வரை, 22 ஆண்டுகள் அவர் பிராங்க்ஃபர்ட்டின் மேயராக இருந்தார்.

அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட அடுத்த ஆண்டு, 1891 அக்டோபரில், நகரின் வெளிப்பகுதிக்கான புதிய கட்டட ஒழுங்குவிதி வந்தது. பழைய நகரம் ஒரு விதியில் இருந்தது. அதைச் சுற்றி வளரும் புறநகர் உள்வட்டம், வெளிவட்டம் என்று பிரிக்கப்பட்டது. நடுவிலிருந்து விலக விலகக் கட்டட உயரம் குறையவேண்டும். மனையில் கட்டாமல் விடும் திறந்தவெளி கூடவேண்டும். இதோடு நிற்காமல், வட்டங்களுக்கு உள்ளேயே குடியிருப்புப் பகுதி, கலப்புப் பகுதி, தொழிற்சாலைப் பகுதி என்று இன்னொரு பிரிவும் போடப்பட்டது. குடியிருப்புப் பகுதியில் தொல்லை தரும் தொழில் நுழைய முடியாதபடி கடுமையான நிபந்தனைகள். தொழிற்சாலைப் பகுதிகள் ஆற்றையும் ரயில் பாதையையும் ஒட்டி அமைந்தன, சரக்கு வந்து இறங்க வசதியாக.

இந்த விதியின் உயிர்நாடி அதன் நேரத்தில் இருந்தது. வயல் மனையாகும் முன்னரே விதி வந்துவிட்டது. ஓரத்து நிலத்தில் இரண்டு மூன்று மாடிக்கு மேல் கட்ட வழியில்லை என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், ஐந்து மாடிக் கனவை வைத்து யாரும் விலை ஏற்ற முடியாது. வெயிலும் காற்றும் வரும் வீடு, சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் கிடைக்க வழி பிறக்கும். மண்டலம் என்ற ஏற்பாடு பிறந்தபோது அதன் முதல் நோக்கங்களில் ஒன்று நில விலையை அடக்குவதுதான். இன்று ஜோன் மாற்றம் என்றாலே விலை ஏறும் செய்தியாக நமக்குக் கேட்கிறதே, அதை நினைக்கும்போது இந்தப் பிறப்பு நோக்கத்தைக் கட்டாயம் நினைவில் வைக்கவேண்டும்.

ஆடிக்கஸுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. விதி மட்டும் போட்டால் நகரம் அமையாது. அடுப்புக்கு மூன்று கல் வேண்டும். விதி ஒரு கல் என்றால், எல்லை இன்னொன்று, நிலம் மூன்றாவது.

எல்லையை விரித்தது

நகர எல்லைக்குள் விதி இருக்கிறது; எல்லைக்கு ஒரு முழம் வெளியே இல்லை. அப்படியானால் தொழிற்சாலையும் நெருக்கடிக் குடியிருப்பும் எல்லைக்கு வெளியே போய் உட்காரும். நகரத்தில் சம்பாதித்து வெளியூரில் வரி கட்டுகிறவர்கள் பெருகுவார்கள். ஆகவே பக்கத்து ஊர்களைப் பேச்சுவார்த்தை நடத்தி நகரத்தோடு சேர்த்துக்கொண்டே போனார் ஆடிக்கஸ். 1895இல் தொழிற்சாலைகள் நிறைந்த சிறு நகரமான போக்கன்ஹைம் வந்தது. 1900இல் நீடர்ராட், ஓபர்ராட், செக்பாக். 1910 ஏப்ரலில் ரோடல்ஹைம், கின்ஹைம், பிராவுன்ஹைம், ஹெடர்ன்ஹைம் உள்ளிட்ட 11 ஊர்கள் ஒரே நாளில் சேர்ந்தன. அதோடு சுற்றுவட்டார மாவட்டமே கலைக்கப்பட்டது. அந்த ஆண்டு நகரத்தின் மக்கள் தொகை 4.14 லட்சம்.

ஊரைச் சேர்த்துக்கொள்வது என்றால் எல்லைக் கல்லை நகர்த்தி வைப்பதோடு முடிந்துபோகும் வேலையா? சேர்கிற ஊருக்குத் தண்ணீர்க் குழாய், சாக்கடை, பள்ளிக்கூடம், டிராம் பாதை எல்லாம் போய்ச் சேரவேண்டும். வரி எப்போது உயரும், என்ன வசதி எப்போது வரும் என்பதெல்லாம் பேசித் தீர்க்கவேண்டிய காரியங்கள். இணைப்பு என்பது இரண்டு தரப்புக்கும் கடமை உள்ள உடன்படிக்கை என்ற புரிதலோடு அது நடந்தது.

நிலத்தை வாங்கியது

மூன்றாவது கல், நகராட்சியே நிலம் வாங்கி வைப்பது. 1897இல் பிராங்க்ஃபர்ட் நகரம் நிலச் சொத்துக்கென்று ஒரு தனி நிதியை ஏற்படுத்தியது. நாளைக்குப் பள்ளி, பூங்கா, துறைமுகம், குடியிருப்பு என்று எதற்காவது தேவைப்படும் நிலத்தை, இன்று வயல் விலையில் வாங்கிப் போடுவதுதான் அதன் வேலை. தேவை வரும்போது தேடிப் போனால், தேவையைக் காட்டியே விலையை ஏற்றிவிடுவார்கள் என்ற அனுபவப் பாடம் அதற்குப் பின்னால் இருந்தது.

நகரின் கிழக்கே ஆற்றங்கரையில் 1908இல் வேலை தொடங்கி 1912இல் திறக்கப்பட்ட கிழக்குத் துறைமுகம் இந்த முறையின் பெரிய சாட்சி. கப்பல் துறை, ரயில் இணைப்பு, தொழிற்சாலை மனைகள் எல்லாம் ஒரே திட்டத்தில் வந்தன. வரைபடத்தில் "இது தொழிற்சாலைப் பகுதி" என்று எழுதிவிட்டு யாராவது வருவார்களா என்று நகரம் காத்திருக்கவில்லை. தானே நிலத்தை எடுத்து, தானே துறைமுகம் கட்டி, தொழில்களை அங்கே வரவழைத்தது. வீட்டுப் பகுதியிலிருந்து தொழிலை விலகச் சொல்லும் நகரம், அது போய் நிற்க ஓர் இடத்தையும் தன் கையாலேயே உண்டாக்கிக் கொடுத்தது.

1904இல் இன்னொரு துணிச்சலான முடிவு வந்தது. நிலம் கை மாறும்போது, உரிமையாளரின் உழைப்பில்லாமல் தானாக ஏறிய விலையில் ஒரு பங்கை நகரத்துக்கு வரியாகக் கட்டவேண்டும். ஜெர்மன் நகரங்களில் இந்த விலையேற்ற வரியை முதலில் விதித்தது பிராங்க்ஃபர்ட். சாலை போட்டது நகரம், டிராம் விட்டது நகரம், சாக்கடை அமைத்தது நகரம். அதனால் ஏறிய விலையில் நகரத்துக்கும் பங்கு உண்டு என்ற நியாயம் எத்தனை எளிமையானது!

துண்டு நிலங்களை ஒன்றாக்கிய சட்டம்

இவ்வளவு இருந்தும் ஒரு முட்டுக்கட்டை பாக்கி. தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரித்ததில், நகரைச் சுற்றியிருந்த வயல்கள் ரிப்பன் ரிப்பனாக நறுங்கிக் கிடந்தன. சில அடி அகலமும் நெடுந்தூர நீளமும் கொண்ட ஒரு கீற்றில் எந்த வீட்டைக் கட்டுவது? நடுவில் ஒருவர் விற்க மறுத்தால் தெரு அங்கேயே நின்றுவிடும்.

ஆடிக்கஸ் முன்வைத்த தீர்வு இது. ஒரு பகுதியின் நிலங்கள் அனைத்தையும் ஏட்டளவில் ஒரே தொகுப்பாகச் சேர்க்கவேண்டும். அதிலிருந்து தெருவுக்கும் சதுக்கத்துக்கும் வேண்டிய இடத்தை முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும்; அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். மீதியை, வீடு கட்டத் தகுந்த வடிவில் மனைகளாக வகுத்து, அவரவர் போட்ட பங்கின் விகிதப்படி உரிமையாளர்களுக்கே திருப்பித் தரவேண்டும். திரும்பி வரும் மனை பரப்பில் சிறியது, மதிப்பில் பெரியது. யாரும் நிலத்தை விட்டு வெளியேற வேண்டாம். தெருவுக்கான நிலத்தைக் காசு கொடுத்து வாங்கும் சுமையும் நகரத்துக்கு இல்லை. இந்தத் தொகுப்பை நகர நிர்வாகமும் கேட்கலாம், போதிய எண்ணிக்கையில் உரிமையாளர்கள் திரண்டும் கேட்கலாம்.

சொத்துரிமையில் கை வைக்கும் சட்டம் என்று எதிர்ப்பு எழுந்தது. பிரஷ்ய மேலவையில் உறுப்பினராக இருந்த ஆடிக்கஸ் 1890களின் தொடக்கத்தில் கொண்டுவந்த மசோதா மேலவையில் தேறியும் கீழவையில் நின்றுபோனது. பத்தாண்டு கழித்து, 1902 ஜூலையில், பிராங்க்ஃபர்ட் நகரத்துக்கு மட்டும் பொருந்தும்படி அது சட்டமானது. மக்கள் அதை அவர் பெயராலேயே 'ஆடிக்கஸ் சட்டம்' என்று அழைத்தார்கள். 1918இல் அது பிரஷ்யா முழுவதற்கும் விரிந்தது.

குறை இல்லாத ஏற்பாடு என்று இதைச் சொல்லமாட்டேன். நகர மன்றத் தேர்தலில் வாக்களிக்க அன்று வருமான வரம்பு இருந்தது. உழைக்கும் மக்களில் பெரும்பாலோர் மன்றத்துக்கு வெளியே நின்றார்கள். தாழ்ந்த கட்டடமும் அகன்ற தோட்டமும் வேண்டும் என்ற விதியால் முதலில் பயன் பெற்றவை வசதி படைத்தவர்களின் மாளிகைப் பகுதிகள். ஆனால் மூன்று கல்லும் ஒன்றாக இருந்ததன் பலன் பின்னால் தெரிந்தது. 1925 முதல் 1930 வரை, மேயர் லுட்விக் லாண்ட்மன் காலத்தில், கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் மே தலைமையில் நகரம் ஏறத்தாழ 12,000 வீடுகளைக் கட்டியது. சிறிய வீடுகள், ஒவ்வொன்றிலும் வெளிச்சம், பலவற்றுக்குத் தோட்டத் துண்டு. மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த புகழ்பெற்ற பிராங்க்ஃபர்ட் சமையலறை அந்த வீடுகளுக்காகப் பிறந்ததுதான். பிராவுன்ஹைம், ரோமர்ஸ்டாட் ஆகிய குடியிருப்புகள் எழுந்த நித்தா ஆற்றுப் பள்ளத்தாக்கு, 1910இல் சேர்ந்த ஊர்களின் நிலம். ஒரு தலைமுறைக்கு முன் நகர மன்றம் எடுத்த முடிவு அடுத்த தலைமுறைக்குக் கூரையானது.

கடல் தாண்டியபோது

பிராங்க்ஃபர்ட்டின் புகழ் பரவியது. நியூயார்க்கில் மக்கள் நெரிசலைக் குறைக்கப் போராடிய குழுவின் செயலாளர் பெஞ்சமின் மார்ஷ் ஐரோப்பா போய்ப் பார்த்துவிட்டு, 1909இல் எழுதிய நகரத் திட்ட நூலில் பிராங்க்ஃபர்ட்டை முன்மாதிரியாகக் காட்டினார். எட்வர்ட் பாசெட் என்ற வழக்கறிஞர் 1908இல் டுசெல்டார்ஃப் நகரில் ஜெர்மன் நகரத் திட்டக் கண்காட்சியைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். 1913இல் நியூயார்க் அமைத்த கட்டட உயர ஆணையத்துக்குத் தலைவரானார்.

நியூயார்க்கின் நெருக்கடி வேறு மாதிரி. 1915இல் பிராட்வேயில் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம் 38 மாடி. மனையை நிறைத்து நேர்செங்குத்தாக நின்று ஏழு ஏக்கர் அளவுக்கு நிழல் வீசி, அண்டைக் கட்டடங்களின் வெளிச்சத்தையும் வாடகையையும் விழுங்கியது. ஐந்தாம் அவென்யூவின் செல்வந்தக் கடைக்காரர்களோ, பக்கத்துத் தையல் ஆலைகளிலிருந்து மதிய இடைவேளையில் நடைபாதைக்கு வரும் தொழிலாளர் கூட்டத்தைப் பார்த்துக் கலங்கினார்கள். 1916 ஜூலை 25இல் நியூயார்க் முழுவதற்குமான மண்டலத் தீர்மானம் நிறைவேறியது. நகர நிலத்தில் குடியிருப்பு, வணிகம், கட்டுப்பாடற்றது என்று மூன்று பிரிவு. உயரத்துக்குத் தனி விதி. மேலே போகப் போகக் கட்டடம் பின்வாங்கவேண்டும் என்ற அந்த விதிதான், படிப்படியாகக் குறுகும் நியூயார்க் கோபுரங்களின் வடிவத்தைச் செதுக்கியது.

அமெரிக்க மண்ணில் இதற்கு இன்னொரு வேரும் இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரம் 1885இல், சலவைக் கூடங்கள் ரயில் பாதைக்கு மேற்கே ஒரு குறிப்பிட்ட மூலையில் மட்டும் இருக்கலாம் என்று விதி போட்டது. சலவைத் தொழில் பெரும்பாலும் சீனர்கள் கையில் இருந்தது என்பதால், துணியின் பெயரைச் சொல்லி மனிதர்களை ஒதுக்கிய விதி அது. சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக் கூடம் நடத்த அனுமதி கேட்ட ஏறத்தாழ 200 சீனர்களில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. மற்றவர்களில் ஒருவர் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. 1886இல் உச்ச நீதிமன்றம் அந்த அநியாயத்தைத் தடுத்தது. பால்டிமோர் நகரம் 1910இல் இன்னும் வெளிப்படையாக, கறுப்பர் தெரு, வெள்ளையர் தெரு என்றே சட்டம் போட்டது. அதே வகைச் சட்டம் ஒன்றை 1917இல் லூயிவில் நகர வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

நிறத்தைச் சொல்லிப் பிரிக்கும் வழி சட்டப்படி அடைபட்ட பிறகு, வீட்டின் வகையைச் சொல்லிப் பிரிக்கும் வழி திறந்தது. கிளீவ்லாந்து நகரை ஒட்டிய யூக்ளிட் என்ற சிற்றூர் 1922இல் மண்டல விதி கொண்டுவந்தது. அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் நிறுவனம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்ற நீதிபதி, இந்த விதி மக்களை வருமானப்படி வகைப்படுத்திப் பிரித்து வைக்கிறது என்று கண்டு அதைச் செல்லாது என்றார். 1926 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஊரின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தனி வீட்டுப் பகுதிக்குள் அடுக்குமாடி வருவதையே தொல்லையாகக் கருதிய தீர்ப்பு அது. அதன் பிறகு அமெரிக்க ஊர்கள் வேகவேகமாக மண்டல விதி வகுத்தன. பெரிய மனையில் தனி வீடு மட்டும் என்று விதித்துவிட்டால், பெரிய மனை வாங்க முடியாதவர் அந்த ஊருக்குள் வரவே முடியாது.

ஏழைக்கு எட்டும் விலையில் வீடு என்ற நோக்கத்தோடு பிறந்த விதி, ஏழையை வாசலிலேயே நிறுத்தும் வேலியானது எப்படி? மார்ஷ் பார்த்த பிராங்க்ஃபர்ட்டில் விதியோடு நகர நிலமும் இருந்தது, விலையேற்ற வரியும் இருந்தது, விரியும் எல்லையும் இருந்தது. அமெரிக்கா எடுத்துக்கொண்டது விதியை மட்டும். வாங்கும் செலவும் வரி போடும் வருத்தமும் வேண்டாம், வண்ணம் பூசினால் போதும் என்பது எந்த மன்றத்துக்கும் சுலபமான முடிவு. புறநகர்களோ நகரத்தோடு சேர மறுத்து, தத்தம் எல்லைக்குள் தத்தம் விதியை வைத்துக்கொண்டன.

நம் ஊருக்கு வந்தது

இந்தியாவுக்கு முதலில் வந்தது வண்ணம் இல்லை. நிலத் தொகுப்பு முறை வந்தது. 1915ஆம் ஆண்டின் பம்பாய் நகரத் திட்டச் சட்டம், இங்கிலாந்தின் 1909 சட்டத்தோடு ஆடிக்கஸின் சட்டத்தையும் பார்த்து உருவானது. துண்டு நிலங்களைச் சேர்த்து, தெருவுக்கு எடுத்து, மீதியை உரிமையாளருக்கே திருப்பித் தரும் அதே முறை. வல்லபாய் படேல் 1920களில் அகமதாபாத் நகராட்சியின் தலைவராக இருந்தபோது அந்த முறை அங்கே வேர் பிடித்தது. குஜராத்தில் இன்றும் நடக்கும் நகரத் திட்டங்கள் அதன் வழித்தோன்றல்கள். 2001 நிலநடுக்கத்தில் இடிந்த புஜ் நகரின் பழைய பகுதியைத் திருத்தி அமைத்ததும் அதே வழியில்தான். ஜப்பானும் தன் 1919 சட்டத்தின் வழியாக இதே முறையைக் கொண்டு, 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவை மறுபடி வகுத்தது.

சென்னை மாகாணத்தில், லான்செஸ்டர் என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞர் நகரத் திட்டம் பற்றி 1918இல் ஒரு நூலே எழுதினார். 1920இல் மதராஸ் நகரத் திட்டச் சட்டம் வந்தது. அதே பத்தாண்டில், மாம்பலத்தில் இருந்த நீண்ட ஏரியின் பெரும்பகுதியைத் தூர்த்து தியாகராய நகர் எழுந்தது. திட்டமிட்ட தெருக்களும் பூங்காவும் கிடைத்தன, ஏரி போனது. நிலம் வேண்டும் என்றவுடன் நீர்நிலையின் மேல் கண் போகும் வழக்கத்துக்கு அது ஒரு முன்னோடி.

பிறகு 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. மாஸ்டர் பிளான் வண்ணங்கள் வந்தன. மூன்று கல்லும் இங்கே எப்படி இருக்கின்றன? எல்லை பெரிதாக விரிந்திருக்கிறது. 2011இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பெருநகரத் திட்டப் பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது. ஆனால் அந்த நிலத்துக்கு வண்ணம் தீட்டுவது சிஎம்டிஏ என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். மற்ற இடங்களில் டிடிசிபி என்ற நகர் ஊரமைப்பு இயக்ககம். இரண்டும் மாநில அரசின் அமைப்புகள். 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்குத் தரத்தக்க 18 பணிகளின் பட்டியலில் நகரத் திட்டத்தை முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறது. இருந்தும் ஒரு வார்டு கவுன்சிலருக்கு, தன் வார்டின் வண்ணத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. மூன்றாவது கல்லான நிலத்துக்கு நம்மிடம் இருப்பது, பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் திறந்தவெளிக்கு ஒதுக்கித் தரவேண்டிய பத்து சதவீதமும், எஞ்சியிருக்கும் புறம்போக்கும்தான். அந்தப் புறம்போக்கில் பெரும்பங்கு ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் நிலம். பொது வேலைக்கு நிலம் வேண்டும் என்றவுடன் அதைத்தான் கேட்கிறோம். நகரம் முன்கூட்டியே நிலம் வாங்கி வைத்திருந்தால், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் நாம் இவ்வளவு பாரம் ஏற்றியிருக்க வேண்டியதில்லை.

பச்சை மஞ்சளாக மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கையெழுத்தில் பெரும் மதிப்பு பிறக்கிறது. அதை உண்டாக்கியவர்கள் அந்தச் சாலைக்கும் குடிநீருக்கும் வரி கட்டிய எல்லோரும். அந்த மதிப்பில் உரிய பங்கு நகரத்துக்குத் திரும்பி வரவேண்டும். அது நிலமாகவே வந்தால் இன்னும் நல்லது. சென்னைக்கு மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகி வருகிறது. எந்தப் பகுதிக்கு எந்த வண்ணம் என்று எல்லோரும் ஆவலோடு பார்ப்போம். அதோடு சேர்த்து, புதிதாகச் சேர்ந்த ஊர்களில் பள்ளிக்கும் பூங்காவுக்கும் எளியவர் வீட்டுக்கும் எத்தனை ஏக்கரை நகரம் தன் பெயரில் வாங்கப் போகிறது, எந்த நிதியில், எந்த ஆண்டுக்குள் என்று மன்றத்தில் கேட்கவேண்டும். விலை ஏறுவதற்கு முன் கேட்டால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.